விராலி விதை: எப்போது பறிப்பது, எவ்வளவு பறிப்பது, போன வருடம் ஏன் முளைக்கவில்லை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மேல்மண் அரித்துப்போய்ச் சரளை தெரிகிற 3 ஏக்கர் சரிவு நிலம். முன்பு அங்கே என்ன செடி இருந்ததோ அதையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. பக்கத்துக் குன்றில் விராலி மண்டிக் கிடக்கிறது. போன வருடம் அதிலிருந்து இரண்டு பை காய் பறித்து, மழைக்கு முன்னால் அப்படியே தூவியிருக்கிறார்கள். முளைத்தது பத்துச் செடிகூட இல்லை. இந்த வருடமும் விதையே எடுக்கலாமா, இல்லை நாற்று வாங்கி நட்டுவிடலாமா?

விதையே எடுங்கள். ஆனால் போன வருடம் செய்ததைத் திரும்பச் செய்தால் போன வருடம் கிடைத்ததுதான் கிடைக்கும். விராலி முளைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான்: காய் முற்றவில்லை, உள்ளே விதை பொக்கு, அல்லது விதை நன்றாக இருந்தும் தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. உங்கள் விஷயத்தில் மூன்றாவது நிச்சயம் உண்டு, ஏனென்றால் விதையை எதுவும் செய்யாமல் தூவியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "பச்சையும் பழுப்புமாகப் பறித்தோம்" என்று சொல்வதைப் பார்த்தால் முதலாவதும் கொஞ்சம் இருக்கும்.

இந்த மாதிரி நிலத்துக்கு விராலியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. (விரலி மஞ்சளோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.) டொடோனியா விஸ்கோசா என்பது இதன் தாவரவியல் பெயர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டொடோன்ஸ் என்ற ஃபிளெமிஷ் மருத்துவரின் நினைவாக முதல் சொல், இலையில் இருக்கிற பிசினுக்காக இரண்டாவது சொல், விஸ்கோசா என்றால் ஒட்டுகிறது என்று பொருள். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஹவாய் என்று வெப்பநாடுகள் முழுக்க இயற்கையாகவே வளர்கிற செடி. கல்லும் சரளையும் இருக்கிற சரிவில், நிழலே இல்லாத இடத்தில், முதலில் வந்து உட்காருவது இதுதான். அந்தப் பிசின் இலையில் ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, வேலி போட முடியாத இடத்தில் இது பெரிய விஷயம். விராலி ஓரளவு வளர்ந்து நிழல் விழுந்து சருகு சேர்ந்தால் அதன் அடியில் மற்றச் செடிகள் தாமாக வர ஆரம்பிக்கும்.

சரி, காய்க்கு வருவோம். விராலிக் காயைப் பார்த்திருப்பீர்கள், காகிதம் போன்ற இரண்டு மூன்று இறக்கைகள், சில சமயம் நான்கு, நடுவில் உப்பலாக அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒன்றோ இரண்டோ விதை. பச்சையாக இருந்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சில புதர்களில் அடர்சிவப்பு என்று நிறம் மாறும். இந்தச் சிவப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பழுத்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் விதை இன்னும் தயாராகியிருக்காது. காய் வைக்கோல் நிறத்துக்கு வந்து, கையில் எடுத்தால் சரசரவென்று காய்ந்த சத்தம் கேட்டு, விரலால் நசுக்கினால் உடைந்து, உள்ளேயிருந்து கறுப்பாக, கடினமாக, மிளகில் பாதிகூட இல்லாத விதை உருண்டு விழ வேண்டும். நகத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பாகவோ வெளிறியோ மெத்தென்று இருந்தால் அந்தப் புதரை விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வாருங்கள். ரொம்பவும் தள்ளிப் போடவும் முடியாது. காயில் இறக்கை இருப்பதே காற்றில் போவதற்குத்தான், ஒரு பலத்த காற்று அடித்தால் புதரே காலியாகிவிடும்.

ஒரே குன்றில் எல்லாப் புதரும் ஒன்றாக முற்றாது. வெயில் படுகிற சரிவு முந்தும், நிழல் சரிவு பிந்தும். அதனால் மூன்று முறையாவது போக வேண்டியிருக்கும். முதல் முறை போகும்போது பையே எடுத்துப் போகாதீர்கள் என்பேன். பூ இருக்கும்போது ஒரு தடவை சும்மா நடந்து பாருங்கள். விராலியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் புதர் எத்தனை செழிப்பாக இருந்தாலும் ஒரு காய் காய்க்காது, நீங்கள் அதன் அடியில் நின்று காத்துக்கொண்டிருப்பீர்கள். பூக்காலத்திலேயே பெண் புதர்களில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிட்டு வந்தால் பிறகு அலைச்சல் பாதியாகக் குறையும்.

முற்றாத காய் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. ஆரம்ப காலத்தில், இன்னொரு நாள் வர முடியாது என்ற அவசரத்தில், சிவப்பும் பச்சையுமாக இருந்த காயை உருவி இரண்டு பிளாஸ்டிக் பையில் திணித்து வாயைக் கட்டி வண்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் மதியம் திறந்தபோது உள்ளே கை வைத்தால் சூடு, சாணி எரு குவியலுக்குள் கை விட்டது மாதிரி. மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. அந்த விதையில் ஒன்றுகூடத் தேறவில்லை. பறித்த காயும் மூச்சு விடும், ஈரம் கக்கும். துணிப் பை, சாக்கு, காகிதப் பை இதில் எதுவானாலும் சரி, பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். பையை வெயிலிலும் வைக்காதீர்கள், பூட்டிய காருக்குள் இன்னும் மோசம்.

எத்தனை புதரிலிருந்து, எவ்வளவு? இந்த வேலையில் நான் ரொம்பவும் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற ஒரு புதரைக் கண்டால் அதையே மொட்டையடித்துவிட்டுப் போகத்தான் கை துறுதுறுக்கும். அப்படி எடுத்தால் உங்கள் 3 ஏக்கரும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கும், அவை தங்களுக்குள்ளேயே மகரந்தம் கலந்து அடுத்த தலைமுறை நலிந்துபோகும், ஒரு நோயோ ஒரு கடும் வறட்சியோ வந்தால் எல்லாம் சேர்ந்து சாயும். விதை சேகரிப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றுவது குறைந்தது 50 தாய்ச்செடி என்ற கணக்கு. ஒட்டி ஒட்டி நிற்கிற புதர்களாக இல்லாமல், ஒன்றை விட்டு ஒன்று தள்ளிப் போய், மேட்டிலும் பள்ளத்திலும் எடுங்கள். குட்டையானது, காய் குறைவானது என்று ஒதுக்கவும் வேண்டாம், வறட்சி தாங்குகிற குணம் அதில்தான் இருக்குமோ என்னவோ. அளவைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் கியூ தாவரத் தோட்டத்தார் நடத்தும் மில்லேனியம் விதை வங்கி சொல்வது, அன்றைக்கு முற்றியிருக்கிற விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது. ஐந்தில் ஒரு பங்கு. மீதி அந்தக் குன்றுக்கு.

அப்படி எடுத்தால் போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேப்பரில் போடாமல் கிளம்பக் கூடாத கணக்கு இது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 2 மீட்டருக்கு ஒரு புதர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000, உங்களுக்கு 3,000 புதர். நேரடி விதைப்பில் பத்தில் ஒன்று செடியாக நின்றாலே பெரிய காரியம், சரளை நிலத்தில் இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்வது பத்திரம். ஆக 60,000 நல்ல விதை வேண்டும். நூறில் 70 விதைதான் உள்ளே நிறைந்திருக்கிறது என்றால் மொத்தம் 86,000 எடுக்க வேண்டும். 60 பெண் புதரிலிருந்து எடுத்தால் புதருக்கு 1,430 விதை சுமார். காய்க்கு மூன்று விதை தேறினால் புதருக்கு 480 காய். அது ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டுமென்றால் அந்தப் புதரில் 2,400 காய் இருந்தாக வேண்டும். இருக்கிறதா? ஒரு கிளையில் எண்ணி, கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். இல்லையென்றால் புதர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது இந்த வருடம் ஒரு ஏக்கர் மட்டும் செய்யுங்கள். 20 சதவீதத்தை 60 ஆக்குவது மட்டும் வழியில்லை.

எந்தக் குன்று என்பதில் ஒரு வார்த்தை. "பக்கத்தில் இருப்பதுதான் நல்ல விதை" என்று மந்திரம் மாதிரிச் சொல்வார்கள், பாதி உண்மை. தூரத்தைவிட மண்ணும் உயரமும் மழையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு புதர் மட்டும் தனியே ஒதுங்கி நிற்கிற திட்டு என்றால் அவை ஏற்கெனவே சொந்தத்துக்குள் கலந்து கலந்து பலவீனமாகியிருக்கலாம். அதைவிடக் கொஞ்சம் தள்ளி, அதே மாதிரிச் சரளையில் நூற்றுக்கணக்கில் நிற்கிற கூட்டம் மேல். தோட்டத்து வேலியில் வளர்கிற விராலியிலிருந்து எடுக்காதீர்கள், அதுவும் இலை ஊதா நிறமாக இருந்தால் கிட்டவே போக வேண்டாம், அது நியூசிலாந்திலிருந்து வந்த அலங்கார வகை. உங்கள் நிலத்தை அதன் பழைய நிலைக்குக் கொண்டுபோவதுதானே நோக்கம்.

நிலம் யாருடையது என்று கேட்டுவிட்டு எடுங்கள், காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு காய்கூடத் தொடக் கூடாது.

பறிப்பது எளிது. கிளையை வளைத்து, கொத்தின் அடியில் விரல்களை வைத்து மேலே இழுத்தால் காய் மட்டும் உருவி வரும், கிளையை முறிக்க வேண்டாம். கையெல்லாம் பிசின் ஒட்டிக் கறுத்துவிடும், சோப்பு போட்டால் போகாது, கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கழுவினால் போகும். ஒவ்வொரு பையிலும் ஒரு காகிதம் எழுதிப் போடுங்கள்: தேதி, இடம், செல்போனில் காட்டுகிற அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை புதரிலிருந்து, என்ன மண், சரிவு எந்தப் பக்கம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவிவிடும். மூன்று வருடம் கழித்து ஒரு பகுதி மட்டும் நன்றாக வந்திருக்கிறதே என்று வியக்கும்போது இந்தத் துண்டுச்சீட்டு இருந்தால்தான் ஏன் என்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நிழலில், காற்றோட்டமான இடத்தில், சாக்கின்மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பிவிடுங்கள். தினம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். மின்விசிறி வேண்டாம், இறக்கை வைத்த காய் அறை முழுக்கப் பறக்கும், நான் கட்டிலுக்கடியில் எல்லாம் பொறுக்கியிருக்கிறேன். ஒரு வாரத்தில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் சல்லடையில் போட்டு உள்ளங்கையால் தேய்த்தால் விதை கீழே இறங்கும். கூடவே தூளும் இறங்கும், அதை முறத்தில் போட்டுப் புடைத்தால் பதர் முன்னால் போய் விதை பின்னால் நிற்கும். புடைக்கத் தெரியாதவர்கள் இளங்காற்றில் நின்று ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஊற்றித் தூற்றலாம். பொக்கு விதையும் கனம் குறைவென்பதால் பதரோடு கொஞ்சம் போய்விடும். நூற்றுக்கு நூறு சுத்தமாக்க மெனக்கெட வேண்டாம், தூவப்போகிற விதையில் கொஞ்சம் சருகு கிடந்தால் ஒன்றும் ஆகாது.

இப்போது வெட்டிப் பார்க்கும் சோதனை. கையை விட்டுக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு 50 விதை எடுங்கள். ஒவ்வொன்றையும் நகவெட்டியால் பிடித்து இரண்டாக வெட்டுங்கள். நல்ல விதை என்றால் உள்ளே கரு சுருண்டு, கடிகாரச் சுருள்வில் மாதிரி, இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கும். காலியாக இருந்தால் பொக்கு, தூள் தூளாக இருந்தால் பூச்சி, பழுப்பாகச் சுருங்கியிருந்தால் செத்தது. 50இல் 35 நன்றாக இருந்தால் நான் மேலே போட்ட 70 சதவீதம். 15தான் தேறுகிறது என்றால் அந்தக் குன்றில் இந்த வருடம் நேரத்தை வீணாக்காமல் வேறு இடம் பாருங்கள். உண்மையில் இந்தச் சோதனையைப் பறிக்கும் இடத்திலேயே, பறிப்பதற்கு முன்னாலேயே, நாலைந்து புதரில் செய்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். 100 விதையை எண்ணி எடையும் போட்டுக்கொள்ளுங்கள், 86,000ஐ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

மழைக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருந்தால் சேமிக்க வேண்டும். விராலி காய்ந்த நிலையில் உயிரோடு இருக்கிற வகை விதை, அதனால் பயமில்லை. ஈரமும் சூடும்தான் எதிரி. ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பநிலை 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் ஒரு தோராயக் கணக்குச் சொல்லியிருக்கிறார். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, வறண்ட தூள் உப்பை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி போட்டு, மேலே கொஞ்சம் விதை போட்டு மூடிக் குலுக்கிவிட்டுச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு கட்டிபிடித்தால் அல்லது பாட்டிலில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும், பொலபொலவென்று இருந்தால் மூடி வைக்கலாம். காற்றுப் புகாத பாட்டில், இருட்டு, குளுமையான மூலை, அவ்வளவுதான்.

இனி போன வருடம் தவறிய இடம். விராலி விதையின் தோல் தண்ணீர் புகாத தோல். உள்ளே கரு முளைக்கத் தயாராகவே இருக்கிறது, வெளியே கதவு பூட்டிக் கிடக்கிறது. ஹவாய்த் தீவுகளின் விராலியை வைத்து 2004இல் வெளிவந்த ஆய்வொன்று இதைத்தான் காட்டியது: தோலைக் கீறிவிட்டாலோ, கொதிநீரில் ஒரு நிமிடத்துக்குள் முக்கியெடுத்தாலோ, வறண்ட சூடு காட்டினாலோ தண்ணீர் உள்ளே போய் முளைத்துவிடுகிறது. இயற்கையில் இந்த வேலையைச் செய்வது காட்டுத்தீயும், நிழலில்லாத மண்ணில் ஏறுகிற வெயிலும். தீப்பட்ட இடத்தில் விராலி கூட்டமாக முளைப்பது அதனால்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது: தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும், அடுப்பை அணைத்துவிடுங்கள், விதையை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி 20 முதல் 30 விநாடி முக்கி உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள், இரவு முழுக்க ஊறட்டும். காலையில் பார்த்தால் தண்ணீர் குடித்த விதை உப்பிப் பெரிதாகியிருக்கும், குடிக்காதது பழைய அளவிலேயே மினுக்கிக்கொண்டிருக்கும், அதை மட்டும் மறுபடி முக்கலாம். முதலில் 50 விதையில் செய்து பாருங்கள். ஒவ்வொரு குன்றின் விதையும் தோல் தடிமனில் கொஞ்சம் வேறுபடும், உங்கள் விதைக்கு 10 விநாடி போதுமா 40 வேண்டுமா என்பதை அந்த 50 சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுப்பில் விட்டுப் பேச்சில் மறந்து அவித்துவிட்டால் சுண்டல்தான்.

ஆனால் இருப்பதை எல்லாம் இப்படிச் செய்துவிடாதீர்கள். கொதிநீர் கண்ட விதை முதல் மழைக்கே எழுந்துவிடும். அதற்குப் பிறகு மூன்று வாரம் மழை இல்லையென்றால் அத்தனையும் கருகும். பூட்டிய விதையோ மண்ணில் கிடந்து அடுத்த மழைக்கும் அடுத்த வருடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பாதியை முக்கி, பாதியை அப்படியே கலந்து போடுவது என் வழக்கம். கொதிநீரில் முக்கியெடுத்த விதையை ஊறிய ஈரத்தோடு சேமிக்க முடியாது, மழை நன்றாகப் பிடித்த பிறகு முக்கி, மறுநாளே போட்டுவிடுங்கள்.

தூவுவது என்றாலும் சும்மா வீசினால் ஓடுகிற தண்ணீரில் விதை போய்விடும். சரிவுக்குக் குறுக்கே மண்வெட்டியால் விரற்கடை ஆழத்துக்குக் கீறி, விதையை மணலோடு கலந்து போட்டு, மேலே லேசாக மண்ணைத் தள்ளி மிதித்துவிடுங்கள். கல்லுக்குப் பக்கத்தில், கல்லின் மேட்டுப்பக்கம் மண்ணும் சருகும் ஒதுங்கி நிற்கிற இடங்கள்தான் முதல் தரமான இடம். விதைப்பந்து போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். இதற்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோல் திறக்காத விதையைக் களிமண்ணுக்குள் வைத்து உருட்டினால் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு, பல உருண்டைகள் மழையில் கரையாமல் செங்கல் மாதிரிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உருட்டுகிற நேரத்தில் நாலு வரி கீறிவிடலாம்.

இதே முறையை எல்லாப் புதருக்கும் நீட்டிவிட வேண்டாம். ஆவாரைக்கும் கடினத் தோல்தான், அதற்கு இது பொருந்தும். களா மாதிரிச் சதைப்பழம் என்றால் கதையே வேறு: பழுத்ததும் பறித்து, சதையைக் கழுவி எடுத்து, காயப்போட்டு வைக்காமல் சீக்கிரமே போட்டுவிட வேண்டும், வைத்தால் உயிர் போய்விடும், கொதிநீர் காட்டினால் அன்றைக்கே போய்விடும்.

விதைத்த பிறகு களை பிடுங்குகிறேன் என்று ஆள் விடாதீர்கள். விராலியின் முதல் விதையிலைகள் மற்றச் செடிகளைப் போல வட்டமாக இருக்காது. உள்ளே சுருண்டிருந்தது பிரிந்து நீளமாக, ஒடுக்கமாக, நாடா மாதிரி இரண்டாக நிற்கும், முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ புல் என்று பிடுங்கிவிடுவார்கள். ஒரு தொட்டியில் பத்து விதையைத் தனியாகப் போட்டு வைத்திருங்கள், அது முளைத்ததும் வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டு அப்புறம் நிலத்தில் இறங்கச் சொல்லுங்கள்.